ஆற்றில் போட்டது, குளத்தில் கிடைத்தது

“சொந்த ஊர் எது சார்?” என்று கேட்பவர்களிடம் “மங்களூர்” என்று சொல்வதில் ஒரு சௌகரியம் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. சௌகரியம், கேட்டவர் முகத்தில் சட்டென்று தோன்றும் மரியாதை. சங்கடம், அடுத்த கேள்வி.

“அடடே, அப்போ கன்னடம் பேசுவீங்களா? அங்கே மீன் குழம்பு பிரமாதமா இருக்குமாமே?”

இருக்கலாம். எங்கள் மங்களூரில் இருக்காது. எங்கள் மங்களூர் கடலூர் மாவட்டத்தில் திட்டக்குடிப் பக்கம். பேர்தான் கடலூர் மாவட்டம், கடலைப் பார்க்க பஸ் மாறிப் போகவேண்டும். ஒன்றியத் தலைநகர் என்று ஒரு பெருமை. சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி. ஒரு காலத்தில் சட்டமன்றத் தொகுதியாகக்கூட இருந்தோம். 2011 தேர்தலிலிருந்து அந்தப் பேரும் திட்டக்குடிக்குப் போய்விட்டது.

கர்நாடக மங்களூர் நம் தாத்தா வீட்டுக் கூரை வரை வந்து உட்கார்ந்த ஊர். 1865-ல் பாசல் மிஷன் பாதிரிமார்கள் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். ஆற்றோரக் களிமண், சூளை, அச்சு. அவ்வளவுதான். ‘மங்களூர் ஓடு’ கப்பலேறி ஊர் ஊராகப் போனது. வெறும் மண்ணை ஒரு ஊரின் விலாசமாக மாற்றிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் மங்களூர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும், சினிமாவுக்கும், ரயிலுக்கும் ஓடுகிற பெரிய ஊரான விருத்தாசலமும் மண்ணைச் சுட்டுப் பிழைக்கிற ஊர்தான். பீங்கான் ஊர். சிட்கோ தொழிற்பேட்டை, பீங்கானுக்கென்றே டிப்ளமா சொல்லித்தரும் அரசுக் கல்லூரி, ரோட்டோரமாகச் சின்னச் சின்னக் கம்பெனிகள், எல்லாம் உண்டு. இருந்தும் “விருத்தாசலம் பீங்கான்” என்று கேட்டு வாங்கும் ஆசாமியை நீங்கள் எந்தப் பாத்திரக் கடையிலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

ஏன்? இந்த வாரம் அந்தச் சமாசாரம்தான்.

*

விருத்தாசலத்துக்குப் பழைய பேர் திருமுதுகுன்றம். பழமலைநாதர் கோயில். பக்கத்தில் மணிமுத்தாறு. சுந்தரருக்கு இங்கே சிவபெருமான் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தாராம். அவ்வளவையும் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பது? “மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்” என்று உத்தரவு. அப்படியே எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதன் வேர் இந்தக் கதைதான் என்பார்கள்.

பக்தர்கள் மன்னிக்கவும். பி.காம். படித்தவனுக்கு இந்தக் கதையில் வேறொன்றும் தெரிகிறது. எங்கள் வட்டாரத்தின் மொத்தப் பொருளாதாரமும் அதில் இருக்கிறது. பொன்னை இங்கே போடுகிறோம். அது வேறு ஊர்க் குளத்தில் போய்க் கிடைக்கிறது.

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் விளைகிறது. லாரியில் ஏறி நாமக்கல் பக்கம் கோழித்தீவனமாகப் போகிறது. முட்டையாகத் திரும்பி வந்து, எங்கள் ஊர் மளிகைக் கடையிலேயே விற்கிறது. நடுவில் இருக்கிற லாபம் திரும்பி வருவதில்லை. 2018-ல் படைப்புழு வந்து தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைக் குதறியபோது நஷ்டம் மட்டும் பத்திரமாக எங்களிடமே தங்கியது.

முந்திரி? விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரம் முந்திரிக்குப் பேர்போனது. விருத்தாசலத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் ‘வி.ஆர்.ஐ.’ என்று தொடங்கும் முந்திரி, நிலக்கடலை ரகங்களை வெளியிட்டிருக்கிறது. அந்த ‘வி.ஆர்.ஐ.’ விருத்தாசலத்தின் இனிஷியல்தான். கடலைச் செடிக்குக் கிடைத்த இனிஷியல் காபி கோப்பைக்குக் கிடைக்கவில்லை.

பையன்கள்? அவர்களைத்தான் அதிகமாக ஆற்றில் போடுகிறோம். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா. விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு திசைக்கும் ரயில் உண்டு. சரக்கு வெளியூர் போகட்டும் என்று வெள்ளைக்காரன் போட்ட பாதையில் சரக்கைவிடப் பையன்கள்தான் அதிகம் போகிறார்கள்.

*

சரி, பீங்கானுக்கு வருவோம். ஆபீஸில் தினம் ஐந்து முறை காபி குடிக்கிறீர்கள், கோப்பை எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

நெய்வேலியில் நிலக்கரி எடுக்க 1956-ல் கம்பெனி ஆரம்பித்தார்கள். பழுப்பு நிலக்கரி மேலேயே கிடக்காது. அதற்கு மேலே அடுக்கடுக்காக மண்ணும் மணலும். அந்த அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. கரிக்காகத் தோண்டினால் களிமண் இலவச இணைப்பு. பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் ஏன் முளைத்தது என்பதற்கு வேறு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

களிமண் மட்டும் போதாது. ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்று இரண்டு கல்பொடிகள் சேரவேண்டும். களிமண் உருவம் கொடுக்கும். குவார்ட்ஸ் எலும்பு மாதிரி நிற்கும். ஃபெல்ஸ்பார் சூட்டில் உருகிக் கண்ணாடியாகி எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். குழம்பாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் படியும் மண்தான் ஜாடி. காயவைத்து, பிசிறு தட்டி, கண்ணாடிப் பூச்சில் முக்கி, சூளையில் ஏற்றினால், நல்ல பீங்கானுக்கு 1,200 டிகிரிக்கு மேலே சூடு வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம். சுடுவதற்கு முன்னால் ஜாடி உடைந்தால் கவலையில்லை. தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி மண். சுட்ட பிறகு உடைந்தால்? உடைந்ததுதான். எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் அது மண்ணாகாது.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

விருத்தாசலத்தில் என்னவெல்லாம் செய்தார்கள்? ஊறுகாய் ஜாடி, கப் அண்ட் சாஸர், பொம்மை, அகல் விளக்கு. அப்புறம் நம் வீட்டு மெயின் போர்டில் இருக்குமே, வெள்ளையாக ஒரு பீங்கான் கட்டை, ‘பீஸ் போயிடுச்சு’ என்று ஸ்டூல் போட்டு ஏறிக் கம்பி சுற்றுவோமே, அந்த ஃப்யூஸ் கேரியர்.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊறுகாய் ஜாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் டப்பா. ஃப்யூஸ் கட்டை இருந்த இடத்தில் எம்.சி.பி. என்கிற ஸ்விட்ச், கரண்ட் போனால் தட்டிவிட்டால் போதும். டீக்கடை பீங்கான் கோப்பை இருந்த இடத்தில் கண்ணாடி கிளாஸ், பிறகு பேப்பர் கப். போதாததற்கு சீனாவிலிருந்து கன்டெய்னர் கன்டெய்னராகப் பளபளவென்று பீங்கான். அதன் விலையைப் பார்த்து மத்திய அரசே மிரண்டுபோய், 2018-ல் சீனப் பீங்கான் பாத்திரங்களுக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி போட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஊர் தயாரித்த ஐந்து பொருளில் மூன்றைக் காலம் எடுத்துக்கொண்டது. மிச்சம் பொம்மையும் அகல் விளக்கும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் ஊரே பரபரக்கும். மார்கழியில் கோலத்துக்கு நடுவில் வைப்பதோடு சரி.

*

என் பெரியப்பா மகன் விருத்தாசலத்தை ஒட்டி, ரோட்டோரம் சொந்த இடத்தில் ஷெட் போட்டு, சின்னதாகப் பீங்கான் கம்பெனி நடத்துகிறார். பதினோரு பேர் வேலை. அதில் எட்டுப் பேர் பெண்கள். போன மாசி மாதம் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, நீ பி.காம். படிச்சவன்தானே? பேப்பர்ல எல்லாம் வேற எழுதற. ஒரு ஞாயித்துக்கிழமை வந்து கணக்கப் பாத்துட்டுப் போ. மூடறதா, நடத்தறதான்னு முடிவு பண்ணணும்.”

“என்னண்ணே, திடீர்னு?”

“திடீர்னு இல்லடா. ஒரு ஆளு ஷெட்ட குடோனுக்குக் கேக்கறாரு. மாசமானா வாடகை. தலவலி இல்ல. உங்க அண்ணி ஒத்தக் கால்ல நிக்கறா.”

போனேன். அண்ணன் கொடுத்தது கணக்குப் புத்தகம் இல்லை, மூன்று காலண்டர். தேதிக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தார். எந்த ஆடிட்டரும் மயங்கி விழுவார். ஆனால் ஒரு எண்கூடப் பொய் இல்லை.

நான் முதலில் பார்த்தது நஷ்டத்தைத்தான். காணவில்லை! ஒவ்வொரு சரக்கிலும் லாபம் இருக்கிறது. அப்படியானால் கையில் ஏன் காசில்லை?

புரிவதற்காக ஒரு பேச்சுக்கு ரவுண்டாக வைத்துக்கொள்வோம். ஒரு லட்ச ரூபாய்க்கு விளக்கு விற்கிறார். மண், பொடி, காஸ், கூலி, உடைசல் எல்லாம் சேர்த்து அடக்கம் 90,000. லாபம் 10,000. பேஷ்.

வெளியூர் வியாபாரி சரக்கை எடுத்துப் போகிறார். “காசு?” “சீசன் முடியட்டும் அண்ணாச்சி.” சீசன் முடிகிறது. பொங்கல் முடிகிறது. பங்குனியில் பாதி வருகிறது, மீதி சித்திரையில். ஆறு மாதம் என்று வையுங்கள். ஆனால் காஸ் கம்பெனி ஆறு மாதம் காத்திருக்காது. கூலிக்காரப் பெண்களுக்கு சனிக்கிழமைக்கு சனிக்கிழமை காசு வேண்டும். அதனால் அண்ணன் உள்ளூரில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார். 90,000 ரூபாய்க்கு மாதம் 1,800. ஆறு மாதத்துக்கு 10,800.

லாபம் 10,000. வட்டி 10,800. வருஷம் முழுக்க 1,200 டிகிரி சூட்டில் நின்று, எவருக்கோ வட்டி சம்பாதித்துக் கொடுத்துவிட்டு, 800 ரூபாய் கைக்காசு போட்டிருக்கிறார். சுந்தரராவது குளத்தில் எடுத்தார்.

இதே பணம் 45 நாளில் வந்திருந்தால்? வட்டி 2,700. கையில் 7,300 மிச்சம். அதே மண், அதே சூளை, அதே விளக்கு.

“அண்ணே, உங்க சூளை நல்லாத்தான் எரியுது. தேதிதான் எரியல” என்றேன்.

“புரியற மாதிரி சொல்லு.”

45 நாள் என்பதை நானாகச் சொல்லவில்லை. 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. குறு, சிறு தொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கினால் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாகவேண்டும். தாண்டினால் ரிசர்வ் பேங்க் வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு கிடுக்கிப்பிடி போட்டார்கள். கெடு தாண்டி பாக்கி வைத்தால், பணத்தைக் கொடுக்கிற வருஷத்தில்தான் அதை வியாபாரி தன் செலவுக் கணக்கில் காட்டமுடியும். அதுவரை அந்தத் தொகைக்கும் சேர்த்து அவர் வரி கட்டவேண்டியதுதான். இதற்கெல்லாம் அண்ணன் செய்யவேண்டியது உத்யம் பதிவு. ஆதார் எண்ணை வைத்து இலவசமாகப் பதியலாம்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

“சட்டமெல்லாம் சரிடா தம்பி. நான் நோட்டீஸ் விட்டா, அந்த ஆளு அடுத்த வருஷம் பக்கத்து ஷெட்டுக்குப் போயிடுவாரு. அவனும் என்ன மாதிரிதான், கடனுக்குக் குடுப்பான். எல்லாரும் சேந்து ‘45 நாள்’னு சொன்னாத்தான் ஆகும். நாங்க சேந்து டீ குடிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு.”

அங்கேதான் விஷயம் நெய்வேலி ஆழத்தில் இருந்தது.

*

கொஞ்சம் வெளிநாடு போய்வரலாமா? டிக்கெட் வேண்டாம்.

வெஸ்ட் இண்டீஸ் என்றால் நமக்கு மார்ஷல், அம்புரோஸ், லாரா. அங்கே கிரனடா என்று ஒரு குட்டித் தீவு. 344 சதுர கிலோமீட்டர். எங்கள் கடலூர் மாவட்டத்துக்குள் பத்துக் கிரனடாவை அடக்கிவிடலாம். 1983-ல் அமெரிக்கா படை எடுத்துப் போனதே, அந்த ஊர்தான். அவர்கள் செல்வம் ஜாதிக்காய். தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் படம் இருக்கிறது. உலகச் சந்தையில் இந்தோனேஷியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்தார்கள்.

2004 செப்டம்பரில் ஐவன் என்று ஒரு சூறாவளி. தீவின் பெரும்பாலான வீடுகளுக்குக் கூரை இல்லை, ஜாதிக்காய்த் தோப்புகள் தரைமட்டம். ஜாதிக்காய் மரம் நட்டால் காய்க்கவே ஆறேழு வருஷம் ஆகும்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா வைத்த மரம், பேரன் கண் முன்னால்.

கிரனடாவில் கோகோவும் விளைகிறது. காலம் காலமாக என்ன செய்தார்கள்? கோகோக் கொட்டையை மூட்டை கட்டிக் கப்பலேற்றினார்கள். சாக்லேட் ஐரோப்பாவில் ஆனது. கிரனடாக் குழந்தை சாக்லேட் கேட்டால், வெளிநாட்டு சாக்லேட்டை வாங்கிக் கொடுத்தார்கள். எங்கள் மக்காச்சோளம், முட்டை கதையேதான்.

1999-ல் மாட் கிரீன் என்கிற அமெரிக்கரும் இரண்டு நண்பர்களும் ஒரு காரியம் செய்தார்கள். கோகோ விளைகிற ஊரிலேயே சின்னதாக ஒரு சாக்லேட் ஃபாக்டரி. சோலார் மின்சாரம். பழைய இயந்திரங்களை வாங்கி, தட்டிக்கொட்டி ஓடவைத்தார்கள். விவசாயிகளோடு கூட்டுறவு. பாய்மரக் கப்பலில்கூட ஐரோப்பாவுக்கு சாக்லேட் அனுப்பினார்கள். மாட் கிரீன் 2013-ல் இறந்துபோனார். ஆனால் பின்னாலேயே அந்தத் தீவில் வேறு பல சாக்லேட் தயாரிப்பாளர்கள் வந்தார்கள், சாக்லேட் திருவிழாவே நடத்துகிறார்கள்.

ஒரு சாக்லேட் ஃபாக்டரியால் தீவின் பஞ்சம் தீர்ந்துவிடவில்லை. அப்படிச் சொன்னால் ரீல். ஆனால் ‘மூட்டையாக அனுப்பாதே, பொட்டலமாக அனுப்பு’ என்று பக்கத்துத் தோட்டக்காரனுக்கு ஒரு தைரியம் வந்தது.

“சின்னத் தீவு சார், நம்ம ஊருக்கு ஒத்துவராது” என்கிறீர்களா? அப்படியானால் குஜராத்துக்கு வாருங்கள். மோர்பி. 1979 ஆகஸ்டில் மச்சு அணை உடைந்து ஊரே அடித்துப் போனது. ஆயிரக்கணக்கில் சாவு. 2001-ல் பூகம்பம். அந்த ஊர் முதலில் கூரை ஓடு செய்தது, சுவர்க் கடிகாரம் செய்தது. கான்கிரீட் வந்து ஓடு படுத்ததும், அதே சூளைக்காரர்கள் தரை டைல்ஸுக்கு மாறினார்கள். இன்று இந்தியாவின் டைல்ஸில் பெரும்பங்கு அந்த ஒரு வட்டாரத்திலிருந்து வருகிறது. 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் ‘நிலக்கரி வாயுவில் சுடாதே’ என்று தடை போட்டபோது, முணுமுணுத்துக்கொண்டே இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் டிப்ளமா முடித்த பையன் ஒருவனைத் தெரியும். எங்கே வேலை? மோர்பியில்! திருவாரூர் கமலாலயம் குஜராத்தில் இருக்கிறது போல.

*

இவ்வளவையும் அண்ணனிடம் சொன்னேன். கூடவே ஐடியாக்களை எடுத்துவிட்டேன்.

“அண்ணே, தமிழ்நாட்டுல 2019 ஜனவரியிலேர்ந்து பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்புக்கே தடை. டீக்கடைக்குப் பீங்கான் கப் போடலாமே?”

“போட்டுப் பாத்தாச்சு. கழுவ ஆள் இல்லங்கிறாங்க. கப்பு மூணு மாசத்துல மூக்கு உடையுது.”

“பண்ருட்டி முந்திரிய நம்ம ஜாடியில போட்டு, கல்யாணத்துக்குக் கிஃப்ட்டா வித்தா?”

“ஜாடி கனம்டா. லாரி வாடகை முந்திரிய விட ஜாஸ்தியாவும். ஆனா…” என்று நிறுத்தினார். “சின்ன ஜாடின்னா ஆவும். கால் கிலோ. மூடி டைட்டா இருக்கணும்.”

“மோர்பி மாதிரி டைல்ஸ்?”

சிரித்தார். “அவன் ஒரு நாளைக்குப் போடறத நான் ஒரு ஜென்மத்துல போடமாட்டேன். யானை போற வழியில போயி நிக்கச் சொல்ற.”

நியாயம்தான். சின்னக் கம்பெனி யானையோடு மல்லுக்கு நிற்கக்கூடாது. யானை குனிந்து பொறுக்காத சில்லறையைப் பொறுக்கவேண்டும். நூறு பீஸ், இருநூறு பீஸ் ஆர்டரை மோர்பியும் திரும்பிப் பார்க்காது, சீனாவும் பார்க்காது. ஓட்டல் பேர் போட்ட சட்னிக் கிண்ணம், கம்பெனி பேர் போட்ட காபி மக், கால் கிலோ முந்திரி ஜாடி. சீசனுக்குக் காத்திருக்க வேண்டாத சரக்கு. முக்கியமாக, பேர் போட்ட சரக்கை வேறு எவருக்கும் விற்க முடியாது என்பதால் பாதிப் பணம் முன்னாலேயே வாங்கலாம். அட்வான்ஸ்! அந்த ஒரு வார்த்தையில் இரண்டு ரூபாய் வட்டி செத்துப்போகிறது.

“உங்களுக்கு என்னண்ணே வேணும், அதச் சொல்லுங்க” என்றேன்.

விரல் விட்டார். “ஒண்ணு, மண்ணு ஒரே தரமா வரணும். இந்த லோடு ஒரு மாதிரி, அடுத்த லோடு வேற மாதிரி வந்தா சூளையில வெடிக்குது. டெஸ்ட் பண்ணிக் குடுக்க ஒரு எடம் வேணும். ரெண்டு, அச்சு செய்யறவன். புது டிசைன் கேட்டா வெளியூரு ஓட வேண்டியிருக்கு. மூணு, அந்த காலேஜ் பசங்க வருஷத்துக்கு ஒரு மாசமாவது இங்க வந்து நிக்கணும்.”

மானியம் கேட்கவில்லை, கடன் தள்ளுபடி கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றுமே தனி ஆளால் முடியாதவை, பத்துப் பேர் சேர்ந்தால் முடிகிறவை. சிறு தொழில்கள் ஒரு குழுமமாகச் சேர்ந்து பொது வசதி மையம் அமைத்தால், செலவில் பெரும்பகுதியை மானியமாகக் கொடுக்க மத்திய அரசிடம் திட்டமே இருக்கிறது. ஆனால் குழுமம் என்று மனு போட முதலில் குழுவாக டீ குடிக்கவேண்டும்.

*

மூடுவதா, நடத்துவதா? சாயங்காலம் வரை அந்தக் கேள்வி ஷெட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பிசிறு தட்டுகிற அம்மா ஒருவர், இருபது வருஷமாக அங்கே இருப்பவர், ஈர விளக்குகளை விரலால் தடவிப் பார்த்து இரண்டை மட்டும் எடுத்துத் தொட்டியில் போட்டார். எனக்கு அந்த இரண்டுக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?”

“இல்ல சார். உள்ள காத்து நிக்குது. சூளையில வெடிக்கும். இப்பவே ஊறப் போட்டா மண்ணாச்சும் மிஞ்சும்.”

அந்த விரலுக்கு எந்த காலண்டரிலும் பென்சில் கணக்கு இல்லை. பாலன்ஸ் ஷீட்டில் சொத்து என்று காட்டவும் முடியாது. ஷெட்டை மூடினால் சூளையை விற்கலாம், அச்சை விற்கலாம். இந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து ‘மறுபடி ஆரம்பிக்கலாம்’ என்று தோன்றினால் சூளை கிடைக்கும், விரல் கிடைக்காது. முன்னால் சொன்னேனே, சுட்ட பிறகு உடைந்தால் மறுபடி மண்ணாகாது என்று. ஊரின் தொழிலும் அந்த ஜாதிதான்.

கடைசியில் முடிவெடுத்தது நானும் இல்லை, அண்ணனும் இல்லை. காபி கொண்டுவந்த அண்ணி.

“ஷெட்டு எம்மாம் நீளம் இருக்கு? முன்பக்கம் பாதிய குடோனுக்கு விடுங்க. பின்பக்கம் நீங்க சுட்டுக்கிட்டு இருங்க. வாடகைப் பணம் காஸுக்கு ஆவும். வட்டிக்காரன் வீட்டு வாசப்படி ஏற வேணாம்.”

மூன்று வருஷம் பி.காம். படித்த எனக்குத் தோன்றாத ஒர்க்கிங் காபிடல் மானேஜ்மெண்ட்!

அப்படியே செய்தார்கள். முன்பாதியில் இப்போது மக்காச்சோள மூட்டை அடுக்கியிருக்கிறது. அதில் எங்கள் மங்களூர்ச் சோளமும் இருக்கிறது. பின்பாதியில் சூளை எரிகிறது. பதினோரு பேரில் ஒன்பது பேர் இருக்கிறார்கள்; இரண்டு பேர் திருப்பூர் போய்விட்டார்கள். புதுசாக மூன்று சரக்கு, சட்னிக் கிண்ணம், மக், கால் கிலோ ஜாடி, பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டுதான். ஜாடி மூடி இன்னும் சரியாக உட்காரவில்லை. விளக்கு மட்டும் பழையபடி கடனில் போகிறது. பக்கத்து ஷெட்காரரோடு ஒரு தடவை டீ குடித்திருக்கிறார். இரண்டாவது டீக்குத் தேதி குறிக்கவில்லை.

இதை வெற்றி என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் சனிக்கிழமை ஒன்பது வீட்டுக்குக் கூலி போகிறது. இரண்டு ரூபாய் வட்டிக்காரர் அண்ணனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இந்த இரண்டாவது விஷயத்தில்தான் அண்ணிக்கு அதிக சந்தோஷம்.

*

ஆபீஸ் போகிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள், செலவில்லாதது. உங்கள் கம்பெனியில் தீபாவளி கிஃப்ட், வருஷாந்தர மக், விழா நினைவுப் பரிசு என்று வாங்குகிற பொறுப்பு எவரிடமாவது இருக்கும். ஒருவேளை உங்களிடமே. ‘நூறு பீஸ்தான் வேண்டும்’ என்றால் பெரிய கம்பெனி போனை வைத்துவிடும். விருத்தாசலத்தில் வைக்கமாட்டார்கள். பாதிப் பணம் முன்னால் கொடுங்கள், மீதியை 45 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தர்மம் செய்யச் சொல்லவில்லை. வியாபாரம் செய்யுங்கள்.

கார்த்திகைக்கு விளக்கு வாங்கும்போது கடைக்காரரிடம் “இது எந்த ஊரு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்குக் கடைக்காரரே சொல்ல ஆரம்பித்துவிடுவார். ஊர்ப் பேர் அப்படித்தான் பிறக்கிறது. மங்களூர் ஓட்டுக்கும் யாரோ ஒருத்தர் முதலில் கேட்டிருப்பார்.

கர்நாடக மங்களூருக்குத்தான்!